சிறுவர்களுக்குச் சிறைக்கூடமா?

(மணலூர்பேட்டைப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



தென்பெண்ணைக் கரையில் கூடியிருக்கும் நம்மில் பலர் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் உழைப்பவர்கள். பலர் கரும்பு வெட்டியும் நாற்று நட்டும் பிழைப்பவர்கள். கூலி உயர்வு பேசும் மேடையில் கூர்நோக்கு இல்லத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். அந்த இல்லங்களில் அடைபடுகிறவர்கள் யாருடைய பிள்ளைகள்? பணக்காரர் வீட்டுப் பிள்ளை சிக்கினால் அன்று மாலையே வக்கீல் வருகிறார். நம் பிள்ளை மீது பழி விழுந்தால், தாய் கூலியை விட்டுவிட்டு ஸ்டேஷன் வாசலில் நிற்கிறாள். ஆகவே இது நம் வர்க்கத்தின் பிரச்னை.

2022 ஜூலையில் நம் மாவட்டத்துக் கனியாமூரில், ஒரு பள்ளி மாணவியின் சாவையொட்டிக் கலவரம் மூண்டது. கைதானவர்களில் 18 வயது நிரம்பாதவர்களும் இருந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 31ந் தேதி, செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அவன் மீதிருந்த வழக்கு என்ன? பேட்டரி திருட்டு! அவனை அடித்துக் கொன்றதாக, அவனைக் காக்க வேண்டிய ஊழியர்கள் ஆறு பேரே கைது செய்யப்பட்டார்கள்.

சட்டம் இல்லாமலா இது நடந்தது? இந்தியாவிலேயே முதன்முதலாக 1920ல் குழந்தைகள் சட்டம் கொண்டுவந்தது நம் சென்னை மாகாணம். இன்றுள்ள 2015ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் என்ன சொல்கிறது? சிறுவனை லாக்கப்பிலோ ஜெயிலிலோ வைக்கக்கூடாது. 24 மணி நேரத்திற்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். வெளியே விட்டால் அவனுக்கே கேடு, அல்லது நீதிக்குக் கேடு என்றாலொழிய, ஜாமீன் தர வேண்டும். சிறு குற்றமானால், ஆறு மாதத்திற்கு மேல் விசாரணை இழுத்தால் வழக்கே முடிந்துபோகும். இலவச வக்கீல் உண்டு. இல்லத்து ஊழியர் கொடுமை செய்தால் ஐந்தாண்டு வரை கடுங்காவல்.

ஏட்டில் இவ்வளவும் இருக்கிறது. ஆனால் கேட்பாரற்ற ஏழைக்குச் சட்டம் தானாக நடந்து வராது!

“குற்றம் செய்தவனைக் கொஞ்சச் சொல்கிறீர்களா?” என்பார்கள். இல்லை. தவறு செய்த பிள்ளை அதை உணர வேண்டும் என்பதே நம் கருத்து. ஆனால் அவன் என்றைக்காவது நம் தெருவுக்குத் திரும்பி வருவான். படிப்பும் தொழிலும் கற்று வந்தால் உழைப்பாளியாவான். பிரம்படியும் அவமானமும் மட்டுமே வாங்கி வந்தால் யாரிடம் கோபத்தைத் தீர்ப்பான்? நம்மிடந்தான்!

செங்கல்பட்டுச் சாவுக்குப் பின், ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை ஒருநபர்க் குழுவாக அரசு நியமித்தது. 2023 நவம்பரில் அவர் அறிக்கை தந்தார். இல்லங்களை நிர்வகிக்கத் தனித் துறை வேண்டும் என்பது அவர் பரிந்துரைகளில் ஒன்று. அறிக்கைகள் அலமாரியில் தூங்கிய கதை நமக்குப் புதிதல்ல. ஆகவே நாம் கேட்கிறோம்: அறிக்கையை முழுமையாக நிறைவேற்று! ஒவ்வோர் இல்லத்திலும் ஆசிரியரையும் தொழிற்பயிற்சியையும் உறுதி செய்! பெற்றோர் பிள்ளையைப் பார்க்கத் தடை போடாதே!

தோழர்களே, கோரிக்கையோடு நம் வேலை முடியவில்லை. ஊரில் ஒரு பிள்ளையைப் போலீஸ் கொண்டுபோனால், அவன் என்ன சாதி, யார் மகன் என்று பார்க்காதீர்கள். வயதைக் காட்டும் பள்ளிச் சான்றிதழை எடுத்துக்கொண்டு, கிளைத் தோழர்கள் உடனே தாயுடன் புறப்படுங்கள். 24 மணி நேரக் கணக்கைக் கேளுங்கள். இலவச வக்கீலைக் கேளுங்கள். தனியாக நிற்கும் தாயை விரட்டலாம். பின்னால் சங்கம் நின்றால் விரட்ட முடியாது.

ஆலையில் ஒன்றுபட்ட நாம், நம் பிள்ளைகளுக்காகவும் ஒன்றுபடுவோம்!