கடைத்துண்டுக்கு ஓர் இடம்

ஈய எழுத்துக்களைக் கோத்துப் பத்திரிகை அச்சிட்ட காலத்தில், கொட்டாஞ்சேனை அச்சகங்களிலே பக்கம் கட்டுவோருக்கு ஓயாத கவலை ஒன்றிருந்தது. கட்டுரை பத்தியின் நடுவிலே முடிந்துவிடும். அதன் கீழ் நான்கு விரற்கடை இடம் வெறுமையாய்க் கிடக்கும். கடதாசியோ விலை கொடுத்து வாங்கியது. ஆதலால் அவ்விடத்திலே ஒரு துணுக்கை இட்டு நிரப்புவர். இதே கவலை இன்று கணினிக்குள்ளும் குடிபுகுந்திருக்கிறது என்றால், நேயர்கள் சிலர் வியப்படையக்கூடும்.

கணினியின் வன்தட்டு, சமமான கட்டங்களாக வகுக்கப்பட்டது. பெரும்பாலும் ஒரு கட்டம் 4096 பைட்டுக்களைக் கொள்ளும். ஒரு கோப்பு முழுக் கட்டங்களையே பெறும்; அரைக் கட்டம் பெறுவதில்லை. 'வெள்ளவத்தை' என்னும் ஊர்ப்பெயரை எடுத்துக்கொள்வோம். இன்று வழங்கும் ஒருங்குறி முறையில் அது 30 பைட்டுக்களில் அடங்கும். அச்சொல்லை மட்டும் ஒரு கோப்பில் எழுதி வைத்தால், எஞ்சிய 4066 பைட்டுக்களும் பயனின்றிப் பூட்டிக் கிடக்கும். பெரிய கோப்புக்களிலும் கடைசிக் கட்டம் சராசரியாகப் பாதி வெறுமையாகவே இருக்கும். ஆகவே, ஓர் இலட்சம் கோப்புக்கள் சேருமிடத்து ஏறத்தாழ 20 கோடி பைட்டுக்கள் வீணாகின்றன.

அப்படியானால் கட்டங்களைச் சிறிதாக்கினால் என்ன? முற்காலத்து யூனிக்ஸ் முறைமையில் கட்டம் 512 பைட்டு அளவினதாகவே இருந்தது. இடம் மிஞ்சியது, வேகம் கெட்டது. சிறு சிறு கட்டங்கள் தட்டெங்கும் சிதறிக் கிடக்க, அவற்றைத் தேடி அலைவதிலேயே காலம் கழிந்தது. பின்னர் கட்டத்தை இரட்டித்தும், தட்டு தரவல்ல வேகத்தில் நூற்றுக்கு 5 பங்கிற்கு மேல் பெற இயலவில்லை.

கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மக்கூசிக், ஜோய், லெப்லர், பப்ரி என்னும் நால்வர் இச்சிக்கலை ஆராய்ந்து, 1984 ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். தம்மிடமிருந்த கோப்புக்களையே அவர்கள் அளந்து பார்த்தனர். 512 பைட்டுக் கட்டத்தில் வீணாகும் இடம், உள்ளடக்கத்தோடு ஒப்பிட, நூற்றுக்கு 6.9; 1024 பைட்டுக் கட்டத்தில் 11.8, 4096 பைட்டுக் கட்டத்திலோ 45.6. வேகம் வேண்டின் இடம் போகும். இடம் வேண்டின் வேகம் போகும். இவ்விரண்டையும் இணக்கியது எவ்வாறு?

வெள்ளவத்தையில், காலி வீதியை அடுத்த ஒழுங்கையொன்றில், அறைகளை வாடகைக்கு விடும் வீடு ஒன்றைக் கற்பனை செய்வோம். உத்தியோகம் ஏற்று யாழ்ப்பாணத்திலிருந்து தனியே வரும் இளைஞருக்கு ஒரு கட்டில் போதும். முழு அறை எதற்கு? ஆகவே வீட்டுக்காரர் ஓர் அறையில் நான்கு கட்டில்களை இட்டு, நால்வரைக் குடிவைக்கிறார். குடும்பமாக வருவோருக்கு மட்டும் முழு அறை. நால்வருள் ஒருவர் மணம் முடித்து மனைவியை அழைத்துவரின், அவர் வேறு அறைக்கு மாறுகிறார். அவருடைய கட்டில் மற்றொருவருக்குக் கிடைக்கிறது.

பேர்க்லி அறிஞர் செய்ததும் இதுவே. 4096 பைட்டுக் கட்டத்தை 1024 பைட்டு கொண்ட நான்கு கூறுகளாக வகுத்தனர். கோப்பின் உடற்பகுதி முழுக் கட்டங்களில் தங்கும்; கடைத்துண்டு மட்டும் கூறுகளில் ஒதுங்கும். கோப்பு வளர்ந்து கூறு போதாதாயின், அத்துண்டு விசாலமான இடத்திற்குப் பெயர்த்தெழுதப்படும். இதன் பயனாக இட இழப்பு, பழைய 1024 பைட்டுக் கட்ட முறையின் அளவிலேயே நின்றது. வேகமோ தட்டின் ஆற்றலில் நூற்றுக்கு 47 பங்கு வரை உயர்ந்தது.

ஆயினும், குடிபெயர்தல் செலவின்றி நிகழ்வதன்று. சிறிது சிறிதாக வளரும் கோப்பு, அடிக்கடி இடம் மாற நேரும். அதனால், எழுதுவதை ஓரளவு சேர்த்துவைத்து முழுக் கட்டமாக எழுதும் வழக்கத்தையும் அவர்கள் ஏற்படுத்தினர். பின்வந்தோர் இன்னும் நெருக்கினர். 2001 இல் லினக்ஸ் முறைமையில் இடம்பெற்ற றைசர் கோப்பு முறைமை, பல கோப்புக்களின் கடைத்துண்டுகளை ஒன்றாகப் பொதிந்தது; வேகத்தை விரும்புவோர் அப்பொதிவை நிறுத்திவைக்கவும் வழி விட்டது. ஸ்குவாஷ் என்னும் முறைமை, இனி மாறாத கோப்புக்களைச் சுருக்கி, அவற்றின் கடைத்துண்டுகளை ஒரே கட்டத்தில் அடுக்குகிறது. மாறாதவை வளர்வதில்லை; ஆதலால் அங்கே குடிபெயரும் தொல்லையும் இல்லை.

இவையெல்லாம் தமிழருக்கு எதற்கு என்று கேட்கலாம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் நூல்களும் சாம்பராயின. 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் படியெடுத்துப் பேணி வருகிறது. படமாக்கிய பக்கங்கள் பெரியவை. அவற்றில் அரைக் கட்டம் வீணாவது ஒரு பொருட்டன்று. ஆனால் நூற்பட்டியற் குறிப்புக்களும், தட்டெழுதிய சிறு பாடங்களும், தனித்தனிக் கோப்புக்களாகப் பெருகுமிடத்து, மேலே கண்ட கணக்கு வந்து நிற்கும். முற்றுப்பெற்ற நூல்களை நெருக்கிப் பொதியலாம். நாள்தோறும் வளரும் பாடசாலை வரவுப் பதிவேட்டுக்கு அது பொருந்தாது. பொருளின் இயல்பறிந்தே சிக்கனம் செய்தல் வேண்டும்.

மற்றுமொன்று: நால்வர் உறங்கும் அறையின் கூரை ஒழுகினால் நால்வரும் நனைவர். பல கோப்புக்களின் கடைத்துண்டுகள் தங்கிய கட்டம் பழுதுபடின், அத்தனை நூல்களும் ஒருங்கே தம் இறுதி வரிகளை இழக்கும். எனவே, நெருக்கிப் பொதிந்து மிச்சப்படுத்திய இடத்தை வேறு எதற்கும் செலவிடலாகாது. அவ்விடத்தில் மற்றொரு பிரதி எடுத்து, அதனை வேறோர் ஊரிலே வைத்தல் வேண்டும். 1981 இல் எரிந்த ஏடுகளுக்கு அப்படியொரு பிரதி வாய்க்கவில்லை. இனி எழுதப்படுவனவற்றுக்கேனும் அது வாய்க்கட்டும்.