ஒப்புக்குச் சப்பாணி எத்தனை பேர்? அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் தலைக்கணக்கு

இன்னைக்கு நாம பேசப்போறது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுல இருக்கிற 'வாக்-ஆன்' வீரர்களைப் பத்தி. டீம்ல எத்தனை வாக்-ஆன் இருக்கலாம்ங்கிற கேள்விக்கும், ஆண் பெண் சமத்துவத்துக்கும் என்ன சம்பந்தம்னு பார்ப்போம்.

முதல்ல வாக்-ஆன்னா யாரு? அங்க கோச்சுகள் பள்ளி பள்ளியா அலைஞ்சு, ஸ்காலர்ஷிப் கொடுத்து வீரர்களை எடுப்பாங்க. அந்த ஸ்காலர்ஷிப் இல்லாம, சொந்தக் காசுல ஃபீஸ் கட்டிக்கிட்டு டீம்ல இடம் பிடிக்கிறவங்கதான் வாக்-ஆன். அமெரிக்கன் ஃபுட்பால்ல இவங்க வேலை பெரும்பாலும் பிராக்டிஸோட முடிஞ்சிடும். அடுத்த வாரம் மோதப்போற எதிரணி எப்படி ஆடுமோ, அதே மாதிரி ஆடிக் காட்டணும். மேட்ச் அன்னைக்கு பெஞ்ச். ஆனா ஜே. ஜே. வாட் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல வாக்-ஆனா சேர்ந்தவர்தான். பேக்கர் மேஃபீல்டும் வாக்-ஆன்தான். 2017ல ஹைஸ்மன் டிராஃபியே வாங்கினார். அதனால அந்தக் கடைசி இடத்துக்கும் ஒரு மதிப்பு இருக்கு.

இப்போ சட்டத்துக்கு வருவோம். 1972ல வந்த 'டைட்டில் நைன்' சட்டம், அரசுப் பணம் வாங்குற கல்வி நிறுவனத்துல பாலின அடிப்படையில் பாகுபாடு கூடாதுன்னு சொல்லுது. அதோட மையமான வாக்கியத்துல விளையாட்டுங்கிற வார்த்தையே கிடையாது. 1979ல அரசு கொடுத்த விளக்கம்தான் விளையாட்டுக்கு மூணு வழி காட்டுச்சு. மாணவர்கள்ல பெண்கள் எவ்வளவு சதவீதமோ, கிட்டத்தட்ட அதே சதவீதம் விளையாட்டு வீரர்கள்லயும் இருக்கணும். இல்லன்னா, பெண்களுக்கான வாய்ப்பைத் தொடர்ந்து கூட்டிக்கிட்டு வர்றதைக் காட்டணும். அதுவும் இல்லன்னா, பெண்களோட ஆர்வமும் திறமையும் முழுசா இடம் பெற்றாச்சுன்னு நிரூபிக்கணும். மூணுல ஒண்ணு போதும். முதல் வழியில எண்ணிக்கை கையில இருக்கறதால பல கல்லூரிகள் அதைத்தான் பிடிச்சுக்கிறாங்க.

இந்தக் கணக்குல ஸ்காலர்ஷிப் வாங்குற ஸ்டாரும் ஒண்ணு, பெஞ்ச்ல உட்காருற வாக்-ஆனும் ஒண்ணு. 2025 வரைக்கும் பெரிய ஃபுட்பால் டீம்கள்ல 85 பேருக்கு ஸ்காலர்ஷிப், அதுக்கு மேல வாக்-ஆன்னு 120 பேர் வரைக்கும் இருந்தாங்க. அத்தனை பேர் இருக்கிற பெண்கள் டீம் ரொம்ப அபூர்வம்.

ஒரு உதாரணம் எடுத்துக்கலாம். ஒரு கல்லூரியில 55 சதவீதம் பெண்கள். விளையாட்டுல ஆண்கள் 250, பெண்கள் 250. கணக்கு சரியாகணும்னா புதுசா 56 பெண்களுக்கு இடம் வேணும். அதாவது புது டீம், கோச், மைதானம், பயணச் செலவு. இல்லன்னா 45 ஆண்களைக் குறைக்கணும். வாக்-ஆன் பையன்களுக்கு உச்சவரம்பு போட்டுட்டா பைசா செலவில்ல. மூணாவதா ஒரு குறுக்கு வழியும் இருக்கு: இருக்கிற பெண்கள் டீம்லயே பேர்களை அடுக்கிக்கிட்டுப் போறது.

சின்ன வயசுல தெருவுல விளையாடும்போது 'ஒப்புக்குச் சப்பாணி'ன்னு ஒருத்தரைச் சேர்த்துக்குவோமே, ஞாபகம் இருக்கா? டீம்ல இருப்பாங்க, ஆனா ஆட்டத்துல இருக்க மாட்டாங்க. அந்த வேலையை ஒரு பல்கலைக்கழகமே செஞ்சது கோர்ட்ல வெளிய வந்துச்சு.

கனெக்டிகட்ல இருக்கிற குவினிபியாக் பல்கலைக்கழகம் 2009ல பெண்கள் வாலிபால் டீமைக் கலைக்கப்போறதா அறிவிச்சுது. வீராங்கனைகளும் கோச்சும் வழக்குப் போட்டாங்க. விசாரணையில என்ன தெரிஞ்சுது? எண்ணிக்கையை அரசுக்குக் காட்டுற தேதிக்கு முன்னாடி பேஸ்பால், லக்ராஸ் டீம்கள்ல இருந்து சில ஆண்களை எடுத்துடுவாங்க. தேதி முடிஞ்சதும் திரும்பச் சேர்த்துக்குவாங்க. சாஃப்ட்பால் பெண்கள் டீம்ல இதுக்கு நேர் எதிர்: தேதிக்கு முன்னாடி பேர்களைச் சேர்ப்பாங்க, சீசன்ல அவங்க இருக்க மாட்டாங்க.

அதோட விடல. கிராஸ் கன்ட்ரி ஓடுற பெண்கள் இன்டோர் டிராக், அவுட்டோர் டிராக் டீம்லயும் கட்டாயமா இருக்கணும். ஒரே பொண்ணு கணக்குல மூணு பொண்ணு! காயம்பட்டு ஓடவே முடியாதவங்க பேரும் லிஸ்ட்ல இருந்துச்சு. 2010ல நீதிபதி ஸ்டீஃபன் அண்டர்ஹில் அப்படிப்பட்ட 11 இடங்களையும், காம்பெடிடிவ் சியர் டீமோட 30 இடங்களையும் கழிச்சார். மாணவர்கள்ல பெண்கள் சுமார் 62 சதவீதம், வீரர்கள்ல சுமார் 58 சதவீதம். அந்த இடைவெளியே ஒரு டீம் நடத்தப் போதும், இது சட்டமீறல்னு தீர்ப்பு. 2012ல மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செஞ்சுது.

உடனே ஒரு கேள்வி வரும். "பசங்க காசு கட்டி வரிசையில நிக்கிறாங்க, பொண்ணுங்க அப்படி வர்றதில்லையே, ஆர்வம் இருந்தாத்தானே?" பிரவுன் பல்கலைக்கழகம் கிட்டத்தட்ட இதே வாதத்தை 1990கள்ல கோர்ட்ல வெச்சுது, தோத்துது. ஆர்வம் வாய்ப்பிலிருந்துதான் வளருதுங்கிறதுதான் அந்தத் தீர்ப்போட சாரம். எண்ணிக்கையும் அதையே சொல்லுது. சட்டம் வந்த சமயத்துல அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள்ல விளையாடின பெண்கள் 3 லட்சத்துக்கும் குறைவு. இப்போ 30 லட்சத்துக்கும் மேல.

அதுக்காக வாக்-ஆன் பையனோட வருத்தம் பொய்யில்ல. அவனை வெச்சுக்க ஆகுற செலவு ரொம்பக் குறைவு, ஆனாலும் முதல்ல வெட்டுப்படுறது அவன்தான். ஆனா அவன் கோபப்பட வேண்டியது பக்கத்து மைதானத்துல ஓடுற பொண்ணு மேலயா? அவளுக்கும் இங்க நஷ்டம்தான். படகுப் போட்டியில ஒரு பெரிய படகுல துடுப்புப் போட 8 பேர், வழிகாட்ட ஒருத்தர். டீம்ல 60, 70 பேர்னா எத்தனை பேர் உண்மையாவே போட்டிக்குப் போவாங்க?

2025 ஜூன்ல நீதிபதி கிளாடியா வில்கென் அங்கீகரிச்ச 'ஹவுஸ்' சமரசத்தையும் பார்த்துடலாம். கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாப் பணம் கொடுக்கலாம், முதல் வருஷம் சுமார் 2 கோடி டாலர் வரை. அதுல சேர்ற கல்லூரிகளுக்கு ஸ்காலர்ஷிப் வரம்பு கிடையாது. பதிலா டீம் அளவுக்கு வரம்பு. ஃபுட்பால் 105, பேஸ்பால் 34, பெண்கள் படகுப் போட்டி 68. தீர்ப்புக்கு முன்னாடியே பல வாக்-ஆன்களை வெளிய அனுப்பிட்டாங்க. நீதிபதி தலையிட்ட பிறகுதான், அப்படி இடம் போனவங்களை வரம்புல சேர்க்காம திரும்ப எடுத்துக்கலாம்னு ஆச்சு, அதுவும் கல்லூரி விரும்பினா. இந்த வெட்டு பணக் கணக்கால வந்தது. பெண்களுக்கு இடம் கொடுக்கிறதுக்காக யாரும் இதைச் செய்யல. சொல்லப்போனா, இழப்பீட்டைப் பிரிக்கிற விதம் டைட்டில் நைனுக்கு எதிரானதுன்னு சில வீராங்கனைகளே மேல்முறையீடு செஞ்சாங்க.

என் கருத்து இதுதான். லிஸ்ட்ல எத்தனை பேர்ங்கிறதோட நிறுத்தக் கூடாது. அந்தப் பொண்ணுக்கு கோச்சோட நேரம் கிடைச்சுதா, இந்த சீசன்ல எத்தனை போட்டியில இறங்கினான்னும் கேக்கணும். அந்தப் பையனை அனுப்பினப்போ மிச்சமான காசு எங்க போச்சுன்னும் கேக்கணும். இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லன்னா, ரெண்டு பேருமே ஒப்புக்குச் சப்பாணிதான்.

நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு எழுதுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.