மறைத்த முகமும் திறந்த குரலும்



ஏழு வயசுப் பெண் குழந்தையோட பிறப்புறுப்புத் தோலை வெட்டுற வழக்கம் இந்தியாவிலும் இருக்கு. தாவூதி போரா சமூகத்தில் அதுக்குப் பேரு 'கத்னா'. மருத்துவப் பலன் எதுவும் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

2012-ல் பிரியா கோஸ்வாமி எடுத்த 'எ பின்ச் ஆஃப் ஸ்கின்' ஆவணப்படத்தில் பெண்கள் முகம் மறைத்துப் பேசினாங்க. 2015-ல் மசூமா ரனால்வி தன் பெயரோடவே பேசினார். 2017-ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு; 2018-ல் அரசியல் சாசன அமர்வுக்குப் போச்சு. தனிச் சட்டம் இன்னும் வரல.

"அது அவங்க மத விஷயம், நமக்கென்ன?"னு கேட்கிறீங்களா? எதிர்த்துக் குரல் கொடுக்கிறதே அந்தச் சமூகத்துப் பெண்கள்தான். தேவதாசி முறையை உள்ளிருந்தே எதிர்த்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936-ல் நாவல் எழுதினார். 1947-ல் சட்டம் வந்தது.

பிப்ரவரி 6, இந்தக் கொடுமைக்கு எதிரான உலக நாள். கிளைக்கு ஒரு திரையிடல் நடத்துங்க, தோழர்களே!