பற்சீரமைப்புக் கல்வியும் நமது கடமையும்

(திண்டிவனத்தில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியனாகிய யான் பல் மருத்துவக் கல்வியைப் பற்றிப் பேசப் புகுந்தது சிலர்க்கு வியப்பாகலாம். தொல்காப்பியனார் எழுத்துப் பிறக்கும் உறுப்புக்களை எண்ணியபொழுது, நாவோடும் இதழோடும் பல்லையும் சேர்த்தே எண்ணினார். மேற்பல்லும் கீழிதழும் பொருந்தாவிடில் வகரம் தெளிவாய்ப் பிறவாது. ஆதலின் பல் வரிசை அழகுக்கு மட்டும் உரியதன்று. மெல்லுதற்கும் சொல்லுதற்கும் உரியது.

நம்மவரோ, பிள்ளைகளின் பல் முன்தள்ளி நின்றாலும், ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றாலும், தலைவிதி என்று விட்டுவிடுகின்றனர். பெண்ணுக்கு வரன் பார்க்கும் காலத்திலேதான் நினைக்கின்றனர். பருவத்தே காட்டினால் எளிதில் திருந்தும். மெல்லிய விசை தொடர்ந்து தாக்குமாயின், பல் நகரும் பக்கத்து எலும்பு கரைந்து வழிவிடும். பின்பக்கத்தில் புதிய எலும்பு வளரும். விசை மிகுந்தாலோ வேரே தேயும். பல்லுக்குக் கம்பி கட்டுதல் என்று நாம் எளிதாய்ச் சொல்லும் வேலையின் நுட்பம் இதுவே.

இந்நுட்பத்திற்கென்றே தனிக் கல்வி உண்டு. அமெரிக்காவில் எட்வர்டு ஆங்கில் என்பார் 1900 ஆம் ஆண்டில் செயின்ட் லூயி நகரில் இதற்கெனப் பள்ளி நிறுவினார். நம் நாட்டில் இத்துறையினர் 1965 இல் இந்தியப் பற்சீரமைப்புச் சங்கத்தைத் தொடங்கினர். சென்னை அரசினர் பல் மருத்துவக் கல்லூரி, 1953 இல் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தோன்றியது. சிதம்பரத்தில் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி 1980 இல் எழுந்தது.

நிற்க. படிப்பின் முறையைக் கூறுவேன். பி.டி.எஸ். நான்காண்டும், பயிற்சி மருத்துவராய் ஓராண்டும் முடித்தவர், நீட் எம்.டி.எஸ். தேர்வெழுதி மூன்றாண்டு பயிலவேண்டும். முதலாண்டில் உடற்கூறு, உடலியக்கம், முகவெலும்பின் வளர்ச்சி முதலியன கற்பர். கம்பி வளைக்கும் கைவேலையும், மெழுகில் பதித்த மாதிரிப் பற்களை நகர்த்தும் பயிற்சியும் உண்டு. தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரே படத்தில் கோணங்களை அளந்து, குறை பல்லிலோ தாடையிலோ என்று தேறுவர். பின்னர் நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்வதோடு, ஆராய்ச்சிக் கட்டுரையும் எழுதவேண்டும்.

இனி நம் கடமை யாது? நமது ஊர்களில் பி.டி.எஸ். முடித்தவுடன், "படித்தது போதும்" என்று பிள்ளைகளை நிறுத்திவிடும் வழக்கம் உளது. பெண்மக்கள் திருச்செயல் திருமணத்தோடு முடிகின்றது. மூன்றாண்டுச் செலவை அஞ்சுவோரும் பலர். அரசினர் கல்லூரிகளில் மேற்படிப்பு மாணவர்க்கு உதவித்தொகை உண்டென்பதை அவர்கள் அறிதல் வேண்டும்.

இடவொதுக்கீட்டையும் அறிதல் வேண்டும். மாநில அரசினர் கல்லூரிகளின் மேற்படிப்பு இடங்களிற் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டிற்குச் செல்லும். அதில் பிற பிற்படுத்தப்பட்டோர்க்கு 27 விழுக்காடு 2021 இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு மாநிலச் சாதிச் சான்றிதழ் மட்டும் போதாது. மத்திய அரசின் படிவத்தில், வருமான வரம்புக்கு உட்பட்டவர் என்னும் சான்றிதழும் வேண்டும். கடைசி நாளில் தாலுகா அலுவலகத்திற்கு ஓடுவதிற் பயனில்லை.

ஆகவே மூன்று வேண்டுகோள். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் சங்க அன்பர் ஒருவர் சான்றிதழ் பெற மாணவர்க்கு வழிகாட்டுக. தேர்வுக்குப் படிக்கும் ஓராண்டிற்குக் கல்வி நிதியிலிருந்து வட்டியில்லாக் கடன் அளிக்க. அவ்வாறு படித்துத் தேறியோர், வாரத்தில் ஒரு நாளேனும் நம் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு, எக்குலத்தவராயினும், குறைந்த கட்டணத்தில் சிகிச்சை செய்க. ஒருவர் கற்ற கல்வி ஊர்க்குப் பயன்பட்டாலன்றோ, அக்கல்விக்கு உதவிய சங்கத்திற்குப் பெருமை!