ஒரு பக்கம் இழுக்கும் காரும் ஒரு புறம் தேயும் டயரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இசையும் கூத்தும் இலக்கியமும் மணக்கும் இம்மேடையில் மோட்டார் காரின் டயரைப் பற்றிப் பேசப் புகுவது பொருந்துமோ என்று அன்பர் சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்பதே நம் எண்ணம். நாகபுரியில் வாழும் தமிழர் ஊருக்குச் செல்ல ஒரு காலத்தில் ரெயிலையே நம்பியிருந்தனர். இன்று கோடை விடுமுறை வந்தால் குடும்பத்தோடு காரில் புறப்படுவோர் பெருகிவிட்டனர். முன்பு 7 என்றும், 2010ஆம் ஆண்டின் மாற்றத்திற்குப் பின் 44 என்றும் எண்ணிடப்பட்ட தேசிய நெடுஞ்சாலை நம் நகரிலிருந்து ஆதிலாபாத், ஐதராபாத், கர்நூல், பெங்களூரு, ஓசூர் வழியாகச் சேலத்துக்கும் மதுரைக்கும் செல்கிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தப் பயணத்தில், பெற்றோரும் பிள்ளைகளும் அமர்ந்த வண்டியைத் தரையோடு பிணைப்பவை நான்கு டயர்கள் மட்டுமே. ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ நம் உள்ளங்கை அளவினது. ஆகவே இது பேசத்தக்க பொருளே.

நாம் மோட்டார் தொழில் கற்றவர் அல்லோம். ரெயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பணிமனையின் அலுவலகத்தில் ஏடு எழுதுவதே நம் தொழில். சக்கரங்களின் தேய்மான அளவுகளை நாள்தோறும் பதிவேட்டில் ஏற்றி வருவதால், சக்கரம் தேயும் விதத்தைப் பார்த்தே வண்டியின் குறையை உணரலாம் என்பதை அறிந்திருக்கிறோம். நோய் இன்னதென்று முதலிலும், அதன் காரணத்தைப் பின்னரும், தீர்க்கும் வழியை அதற்குப் பின்னரும் ஆராய வேண்டும் என்று வள்ளுவப் பெருந்தகை மருந்து அதிகாரத்தில் வரிசை வகுத்திருக்கிறார். அந்த வரிசையிலேயே நாமும் செல்வோம்.

முதலில் நோயைப் பிரித்தறிவோம். வண்டி ஒரு பக்கம் இழுப்பது வேறு; ஸ்டியரிங் நேராக நில்லாமல் கோணி நிற்பது வேறு; ஸ்டியரிங் நடுங்குவது வேறு. மூன்றையும் ஒன்றாகக் கருதி, 'அலைன்மெண்ட் பாருங்கள்' என்று பட்டறையில் சொல்லிவிடுவது நம்மிடையே பெருவழக்கு. 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஸ்டியரிங் நடுங்கினால் முதலில் பார்க்க வேண்டியது சக்கரத்தின் எடைச் சமன்பாடு. அதைப் பட்டறையில் பேலன்சிங் என்பர். வண்டி நேரே சென்றும் ஸ்டியரிங் கோணி நின்றால், பெரும்பாலும் முன்சக்கரங்களை இணைக்கும் தண்டுகளின் அளவோ, பின்சக்கரங்களின் திசையோ பிசகியிருக்கும். விரல்களைச் சற்றுத் தளர்த்திய அளவிலேயே வண்டி ஒரு பக்கம் ஒதுங்கினால், அதுவே இழுப்பு. ஆள் நடமாட்டமற்ற நேரான சாலையில், மிதமான வேகத்தில், பிடியைத் தளர்த்திப் பார்க்க வேண்டுமே அன்றி, கையை முற்றிலும் எடுத்துவிடலாகாது.

அடுத்துக் காரணங்களை எளியதிலிருந்து அரியதை நோக்கி ஆராய்வோம். சாலையே காரணமாகவும் இருக்கலாம். மழைநீர் வடிவதற்காகச் சாலையின் நடுப்பகுதி உயர்ந்தும் ஓரங்கள் தாழ்ந்தும் அமைக்கப்படுகின்றன. நம் நாட்டில் இடப்பக்கமாகச் செல்வதால் வண்டி மெல்ல இடப்பக்கம் ஒதுங்குவது இயல்பு. அதைக் குறையாகக் கருதிப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. ஆனால் அச்சரிவை எதிர்த்து வலப்பக்கம் இழுத்தாலும், சமமான இடத்திலும் இழுப்பு நீங்காமல் இருந்தாலும், குறை வண்டியில்தான் இருக்கிறது.

வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது காற்றழுத்தம். இரண்டு முன்சக்கரங்களில் ஒன்றில் காற்றுக் குறைந்தால், அப்பக்கமே வண்டி இழுக்கும். எவ்வளவு காற்று வேண்டும் என்பதை ஓட்டுநர் பக்கக் கதவின் ஓரத்திலோ, எரிபொருள் மூடியின் உட்புறத்திலோ ஒட்டியிருக்கும் சீட்டில் காணலாம். டயரின் பக்கச் சுவரில் பொறித்திருப்பது அது தாங்கும் உச்ச அழுத்தம்; அதை நிரப்புவது பிழை. வண்டி மூன்று மணி நேரமாவது ஓடாமல் நின்ற பிறகு, குளிர்ந்த நிலையில் அளக்க வேண்டும். வெப்பம் ஐந்தாறு பாகை உயர்ந்தால் ஏறத்தாழ ஒரு பவுண்டு அழுத்தம் உயரும். ஓடிச் சூடேறிய டயரில் அளவு கூடியிருப்பதைக் கண்டு காற்றைத் திறந்துவிடுவோர் உண்டு. அந்த டயர் குளிர்ந்ததும் காற்றுக் குறைந்ததாகிவிடும். குறைந்த காற்றோடு ஓடும் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் அளவுக்கு மீறி மடங்கி நிமிர்கிறது. அந்த உழைப்பு வெப்பமாக மாறுகிறது. வெயில் 45 பாகையைத் தாண்டும் விதர்ப்பத்தின் மே மாதத்தில், பாரம் ஏற்றி விரைந்து செல்லும் வண்டிக்கு இவ்வெப்பமே எமனாகக்கூடும். கோடையில் டயர் வெடிக்கும் என்று அஞ்சி வேண்டுமென்றே காற்றைக் குறைப்போர் இதனை நினைவிற் கொள்ள வேண்டுகிறோம்.

இரண்டாவது, பிரேக். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் வண்டி இழுத்தால் குறை அங்கேதான். எந்தப் பக்கம் மிகுதியாகப் பற்றுகிறதோ அந்தப் பக்கம் வண்டி திரும்பும். மிதிக்காதபோதும் இழுப்பு இருந்து, ஓடி நின்ற பின் ஒரு சக்கரத்தருகே மட்டும் அனல் வீசினால், அங்கே பிரேக் விடுபடாமல் உரசிக்கொண்டிருக்கிறது என்று அறியலாம். கையை அருகே கொண்டுசென்று உணர வேண்டுமேயன்றித் தொடலாகாது. பிரேக்கில் ஐயம் தோன்றினால் அதைத் தீர்த்துக்கொள்ளாமல் வண்டியை எடுத்தல் கூடாது.

மூன்றாவது காரணம் டயரின் உள்ளமைப்பு. இதைப் பட்டறைகளிலும் பலர் மறந்துவிடுகின்றனர். நம் ரெயில்வேயில் ஒரு விந்தை உண்டு. ரெயில் சக்கரத்தின் உருளும் பரப்புத் தட்டையானதன்று. அது 20க்கு 1 என்னும் சரிவில் கூம்பு போலக் கடையப்பட்டது. உட்புறம் சற்றுப் பெரிது, வெளிப்புறம் சற்றுச் சிறிது. ஓர் அச்சில் பிணைந்த இரு சக்கரங்களும் தண்டவாளத்தில் இடப்பக்கம் விலகினால், இடச்சக்கரம் பெரிய வட்டத்திலும் வலச்சக்கரம் சிறிய வட்டத்திலும் உருளும். அதனால் இடப்பக்கம் முந்திச் செல்ல, அச்சு தானாகவே நடுவுக்குத் திரும்புகிறது. ரெயிலுக்கு நலம் செய்யும் அதே கூம்பு வடிவம் கார் டயரில் அமைந்துவிட்டால் தீங்காகிறது. டயரின் உள்ளே பதிந்த எஃகுக் கம்பிப் பட்டை நடுவிலிருந்து சிறிது விலகியிருந்தால், கண்ணுக்கு உருளையாகத் தோன்றும் டயர் கூம்பு போல ஓடும். காகிதக் கூம்பைத் தரையில் உருட்டினால் அது சிறிய முனையின் பக்கம் வளைந்து செல்லும் அல்லவா? அப்படியே வண்டியும் இழுபடும்.

இதைக் கண்டுபிடிக்கும் சோதனை மிக எளியது. முன்பக்கத்து இடச்சக்கரத்தையும் வலச்சக்கரத்தையும் இடம் மாற்றிப் பூட்ட வேண்டும். இழுப்பு எதிர்ப்பக்கம் மாறினால் குறை டயரில். மாறாதிருந்தால் வண்டியின் அமைப்பில். சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி கொண்ட டயர்களை மட்டும் இவ்வாறு பக்கம் மாற்றாமல், முன்னும் பின்னுமாக மாற்றிப் பார்க்க வேண்டும். நம் அன்பர் ஒருவரின் கார் இடப்பக்கம் இழுத்தது. ஒரு பட்டறையில் இருமுறை அலைன்மெண்ட் செய்தும் பயனில்லை. மூன்றாம் முறை, அடியிலுள்ள இரும்புக் கரங்களையே மாற்ற வேண்டும் என்று கூறிப் பெருந்தொகை கேட்டனர். அதற்கு முன் சக்கரங்களை இடம் மாற்றிப் பார்த்தபோது இழுப்பு வலப்பக்கம் மாறியது. அந்த டயரைப் பின்பக்கம் பூட்டியதும் வண்டி நேரே ஓடலாயிற்று. மாதச் சம்பளக்காரருக்கு இவ்வறிவு எவ்வளவு சேமிப்பு என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நான்காவதாக வருவதே அலைன்மெண்ட். இதில் மூன்று கோணங்கள் உள. முன்னிருந்து நோக்கும்போது சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது கேம்பர். தலை எப்பக்கம் மிகுதியாக வெளியே சாய்ந்ததோ, அப்பக்கம் வண்டி இழுக்கும். பக்கத்திலிருந்து நோக்கும்போது, சைக்கிளின் முன்கவை பின்னோக்கிச் சாய்ந்திருப்பது போன்ற சாய்வு காஸ்டர். அது எப்பக்கம் குறைந்ததோ, அப்பக்கம் இழுக்கும். மேலிருந்து நோக்கும்போது, நம் பாதங்கள் உட்புறமோ வெளிப்புறமோ திரும்பியிருப்பது போல முன்சக்கரங்கள் திரும்பியிருப்பது டோ. முன்சக்கரங்களின் டோ வண்டியை இழுப்பதைவிட டயரைத் தின்பதே மிகுதி. ஒரு சக்கரம் ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு மட்டும் தவறாகத் திரும்பியிருக்கிறது என்று கொள்வோம். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அது ஏறத்தாழ ஒன்றே முக்கால் மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. ஆயிரம் கிலோமீட்டர் சென்றால் ஒன்றே முக்கால் கிலோமீட்டர் தூரம் டயரைக் குறுக்கே இழுத்துச் சென்றதாகக் கணக்காகிறது!

சிறிய கார்கள் பலவற்றில் பட்டறையார் திருத்தக்கூடியது டோ ஒன்றே. கேம்பரும் காஸ்டரும் அளவு மீறியிருந்தால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்பதே பொருள். எது வளைந்தது என்று கேட்க நாம் தயங்கலாகாது. இணைப்புகள் தளர்ந்திருக்கும்போது அலைன்மெண்ட் செய்வதும் வீண்; ஆடும் தூணில் தொட்டில் கட்டுவது போலாகும். ஆதலால் முதலில் தளர்ச்சியைச் சோதிக்கச் சொல்லி, திருத்துவதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை அச்சிட்ட தாளைக் கேட்டுப் பெற வேண்டும்.

இனி டயர் எழுதிவைக்கும் பதிவேட்டைப் படிப்போம். இரு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி நன்றாயிருந்தால் காற்றுக் குறைவு. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகுதி. ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் கேம்பர் அல்லது டோ. டயரின் குறுக்கே உள்ளங்கையால் தடவும்போது ஒரு திசையில் வழவழப்பாகவும் மறுதிசையில் ரம்பப் பல் போலவும் உறுத்தினால், டோ தவறென்பது உறுதி. பள்ளமும் மேடுமாகத் திட்டுத்திட்டாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் வலுவிழந்திருக்கலாம். அல்லது சக்கரத்தின் எடை சமமின்றி இருக்கலாம். ஒரே இடத்தில் தட்டையாகத் தேய்ந்திருந்தால், பிரேக் இறுகிச் சக்கரம் சுழலாமல் சறுக்கியது என்று அறியலாம். ரெயில் சக்கரத்திலும் இவ்வாறே தட்டை விழும். நிலையத்தில் நிற்போர் அதன் 'தடக் தடக்' ஓசையைக் கேட்டிருப்பர்.

இவற்றுள் மிகக் கொடியது உள் ஓரத் தேய்மானம். வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. உறவினர் திருமணத்திற்குப் புறப்பட இருந்த ஒரு குடும்பத்தின் காரை, முதல் நாள் மாலை ஸ்டியரிங்கை முழுதும் திருப்பி உட்புறம் நோக்கினோம். வெளிப்புறத்தில் புதுமை மாறாத டயர், உள் ஓரத்தில் எஃகுக் கம்பி தெரியும் அளவு தேய்ந்திருந்தது. அந்த வண்டியில் இரு குழந்தைகள் செல்ல இருந்தனர். டயரை மாற்றி, அலைன்மெண்ட்டும் செய்து, ஒரு நாள் தாழ்த்திப் புறப்பட்டனர். முகூர்த்தத்திற்குக் குறித்த நேரத்தில் போய்ச் சேர்ந்தனர் என்ற செய்தி கிடைத்தபோது நாம் அடைந்த நிறைவு பெரிது.

டயரின் பள்ளங்களுக்கிடையே சிறு ரப்பர் மேடுகள் உள. பள்ளம் 1.6 மில்லிமீட்டராகத் தேயும்போது மேற்பரப்பு அம்மேட்டோடு சமமாகும். அதுவே டயரை மாற்ற வேண்டிய எல்லை. பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் உண்டு. 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்ட டயர் என்று பொருள். பழைய கார் வாங்கும் அன்பர்கள் வண்டியின் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன் இவ்விலக்கத்தைப் பார்ப்பார்களாக. ஏறத்தாழ 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை முன்னும் பின்னுமாக இடம் மாற்றினால் தேய்மானம் சமமாகும்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். நம் சங்கம் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பும், பொங்கல் விழாவும், துயருற்றோர்க்கு உதவியும் நடத்தி வருகிறது. அவற்றோடு, கோடை விடுமுறைக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், வெயில் ஏறுமுன், ஊர் செல்லவிருக்கும் வண்டிகளை எல்லாம் சங்க வாயிலில் நிறுத்துவோமாக. காற்றை அளக்கும் கருவி ஒன்றும், கைவிளக்கு ஒன்றும், பொறுமையுள்ள இளைஞர் இருவரும் போதும். காற்றழுத்தம், பள்ளத்தின் ஆழம், உள் ஓரம், தயாரித்த வாரம் ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதிக் கொடுப்போம். அந்த நோட்டை எழுதும் பணியை நாமே ஏற்றுக்கொள்கிறோம். ஏடு எழுதுவது நமக்குப் பழகிய தொழில்தானே!

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!