போன் காட்டும் விஞ்ஞானம்
(பெற்றோர், பிள்ளைகள் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடிக் கிடந்தப்போ, சிக்னல் தேடி நம்ம பிள்ளைகள் மலை ஏறினது உங்களுக்கு மறந்திருக்காது. பாடம் போன் வழியா வந்தது. ஆனால் விஞ்ஞானத்துக்கு ஆய்வுகூடம் வேணுமே, அது எப்படி வரும்?

அதற்கு ஒரு வழியாகச் சொல்லப்படுவதுதான் 'மிகை யதார்த்தம்'. அச்சிட்ட ஒரு கறுப்புச் சதுரத்தை மேசையில் வைத்து போன் கமெராவால் பார்க்க வேண்டும். சதுரத்தின் நாலு மூலையும் தெரிகிற விதத்தை வைத்து போன் கணக்குப் போட்டு, அதன்மேல் ஓர் இதயத்தையோ இயந்திரத்தையோ நிறுத்திக் காட்டும். நாம் சுற்றி வந்தால் அதன் பின்பக்கமும் தெரியும்.

இந்தப் பெயர் பிறந்தது தொழிற்சாலையில். அமெரிக்காவில் போயிங் விமானக் கம்பனியில் வேலை செய்த டொம் கோடெல், டேவிட் மிசெல் இருவரும் 1992இல் இதைப்பற்றி எழுதினார்கள். விமானத்துக்கு மின்கம்பி கட்டும் தொழிலாளி, எந்தக் கம்பி எங்கே போகணும் என்று கண்ணாடி வழியே பார்த்துச் செய்யட்டும் என்பதே அவர்கள் யோசனை.

பிறகு இது படிப்புக்கும் வந்தது. அதே 2020இல் அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசேர்வ் பல்கலைக்கழகம், முதலாண்டு மருத்துவ மாணவர்கள் 185 பேருக்கு, அவரவர் வீட்டிலேயே ஹோலோலென்ஸ் கண்ணாடி மூலம் மனித உடலமைப்பைப் படிப்பித்தது. 2019இல் வந்த அதன் இரண்டாவது மாதிரியின் விலை அப்போது 3,500 டொலர்! அதன் உற்பத்தியும் 2024இல் நின்றுவிட்டது.

நமக்கு அந்தக் கண்ணாடி வேண்டாம். சாதாரண ஸ்மார்ட் போன் போதும். சில செயலிகளை, சிக்னல் உள்ள இடத்தில் ஒருதரம் இறக்கி வைத்தால், பிறகு டேட்டா இல்லாமலும் பார்க்கலாம். ஒரு லயத்துப் பிள்ளைகள் ஒரே போனில் சேர்ந்து படிக்கலாம்.

ஆனா ஒன்றை மறக்கக் கூடாது. போனில் தெரியும் அமிலத்துக்கு மணம் இல்லை. போனில் தெரியும் ஸ்குரூவை முறுக்கிக் கை பழகாது. படத்தைப் பார்த்து யாராவது கொழுந்து பறிக்கப் பழகியிருக்கிறோமா? நம்ம பல தோட்டப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவே இல்லை. "அதான் போன் இருக்கே" என்று சொல்லி, ஆய்வுகூடமும் ஆசிரியரும் தராமல் விட நாம் இடம் கொடுக்கக் கூடாது. போன் காட்டட்டும், ஆசிரியர் விளக்கட்டும், பிள்ளையின் கை செய்து பழகட்டும். மூன்றையும் கேட்போம்.

அம்மாமாரே, பிள்ளை போனைப் பிடித்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தால் உடனே ஏசாதீங்க. "என்ன பார்க்கிற? எனக்கும் சொல்லித் தா" என்று கேளுங்க. உங்களுக்கு விளங்கும்படி சொன்னால், பிள்ளைக்குப் பாடம் விளங்கிவிட்டது என்று அர்த்தம்.