கதவைக் கெடுத்துத்தான் கத்துக்கிட்டேனுங்க

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மைக் பிடிச்சுப் பழக்கமில்லை. உளி பிடிச்சுத்தான் பழக்கம். "பத்து நிமிசம் உன்ற தொழிலைப் பத்திப் பேசு அம்மிணி"ன்னு தலைவி அக்கா சொல்லிட்டாங்க. தப்பிருந்தா பொறுத்துக்குங்க.

நான் பார்க்கிறது கதவு, ஜன்னல் பழுது வேலை. புதுக் கதவு செய்யறதில்லை. தரையில் இழுபடற கதவு, மூடாத ஜன்னல், கரையான் தின்ன நிலவு, உடைஞ்ச கண்ணாடி, கிழிஞ்ச கொசுவலை, இதுகதான் என்ற பிழைப்பு. ஏழு வருசமாப் பார்க்கறேன். அதுக்கு முன்னாடி சின்ன வெங்காயம் அறுக்கவும் களை வெட்டவும் போய்க்கிட்டிருந்தவ.

வூட்டுக்காரர் தவறின வருசம், மழைக்காலத்தில் எங்க வூட்டு முன்கதவு தாழ்ப்பாள் விழாமப் போச்சுங்க. உள்ளே நானும் வயசுக்கு வந்த பொண்ணும். ஆசாரி நாளைக்கு வர்றேன், நாளன்னைக்கு வர்றேன்னாரு. கல்யாண மண்டப வேலையை விட்டுட்டு ஒரு தாழ்ப்பாளுக்கு யாரு வருவாங்க? பதினோரு ராத்திரி ஆட்டுக்கல்லைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துட்டுப் படுத்தோம். அப்பத்தான் இதை நாமே கத்துக்கிட்டா என்னன்னு தோணுச்சு.

குழுவில் சொன்னேன். ஒரு பயிற்சிக்கு அனுப்பிவெச்சாங்க. எந்த இடம்னு சொல்ல வேண்டாம். பத்து நாள். பலகையில் படம் போட்டாங்க, கீலுக்கு என்ன பேரு, மரத்தில் எத்தனை வகைன்னு எழுதிக்கிட்டோம். கடைசி நாள் ஆளுக்கொரு இழைப்புளியைக் கையில் கொடுத்து போட்டோ எடுத்தாங்க. பொறவு அதைத் திருப்பி வாங்கி வெச்சுட்டாங்க. சாப்பாடு நல்லாத்தான் இருந்துச்சு. சர்டிபிகேட்டும் வந்துச்சு. அதைச் செவுத்தில் மாட்ட ஆணி அடிச்சேன், ஆணி வளைஞ்சு போச்சுங்க. (சிரிக்காதீங்க, உங்கள்ள பாதிப் பேரு வூட்லயும் அப்படித்தான் மாட்டியிருக்கும்.)

எல்லாப் பயிற்சியும் இப்படின்னு சொல்லலை. 1982-ல் கர்நாடகத்தில் உஜிரேங்கற ஊர்ல, தர்மஸ்தலா அறக்கட்டளையும் ரெண்டு வங்கிகளும் சேர்ந்து கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் பயிற்சி தொடங்கினாங்க. தங்கவெச்சு, சோறு போட்டு, காசு வாங்காமக் கத்துக்கொடுத்து, முடிச்சவங்க தொழில் பண்றாங்களான்னு பின்னாடியே போய்ப் பார்த்தாங்க. அதைப் பார்த்துத்தான் இன்னிக்கு மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தற கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் வந்திருக்கு. கேரளத்தில் ஏற்றுமானூர்ப் பக்கம் அர்ச்சனா மகளிர் மையம்னு ஒண்ணு, பொம்பளைகளுக்குக் கொத்து வேலையும் தச்சு வேலையும் கத்துக்கொடுக்குது. அங்க முடியறது தொண்டாமுத்தூர்ல முடியாதாங்க?

எனக்குத் தொழிலைச் சொல்லிக்கொடுத்தவரு எங்க வீதிக்குப் பின்னாடி இருந்த வயசான ஆசாரி. கண்ணு மங்கி வேலைக்குப் போகாம இருந்தாரு. நான் போய்க் கேட்டதும், பட்டறை மூலையில் கிடந்த ஒரு பழைய வேப்பங்கதவைக் காட்டி, "இதைக் கெடு அம்மிணி. கெடுத்துட்டு வந்து சொல்லு"ன்னாரு. அவ்வளவுதான். கெடுத்தேன். இழைப்புளியை நார் ஓட்டத்துக்கு எதிரா ஓட்டி மரத்தைப் பிய்ச்சேன். ஓரத்தில் ஒரே போக்கா வெளியே தள்ளி மூலையைச் சிராயாப் பேர்த்தேன். அவரு ஒரு வார்த்தை திட்டலை. விரலால தடவிப் பார்த்து, "அடிப்பக்கத்தை ரெண்டு மூலையில இருந்தும் நடுவுக்கு இழைக்கணும், அப்பப் பேராது"ன்னாரு. கெடுத்த பொறவு கேட்டதால அது மறக்கலை.

நம்ம கோயமுத்தூர் ஜி.டி.நாயுடு, ஓட்டல்ல வேலை பார்த்துக் காசு சேர்த்து, ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காப் பிரிச்சுப் போட்டு மறுபடி மாட்டித்தான் மெஷின் வேலை கத்துக்கிட்டாரு. அவர் முயற்சியில 1945-ல் வந்த ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்தான் இன்னிக்குத் தடாகம் ரோட்டுல இருக்கற அரசு தொழில்நுட்பக் கல்லூரி. படிப்பை வருசக்கணக்கா இழுக்காதீங்க, குறைஞ்ச காலத்துல முடிக்கலாம்னு வாதாடினவரு அவரு. அவருக்கு மோட்டார் சைக்கிள், எனக்கு வேப்பங்கதவு.

இப்ப உங்களுக்கே உதவற ஒண்ணு சொல்றேன். கதவு தரையில இழுபடுதுன்னா உடனே அடியை அறுக்கச் சொல்லாதீங்க. கதவைச் சாத்தி, நிலவுக்கும் கதவுக்கும் நடுவுல இருக்கற சந்தைப் பாருங்க. கீல் பக்கம் மேலே சந்து அகலமாவும், பூட்டுப் பக்கம் மேலே இடிச்சும் இருந்தா, மேல் கீலோட ஸ்க்ரூ தளர்ந்திருக்கு. கதவுல தப்பே இல்லை. கதவுக்கு அடியில ஆப்பு வெச்சு எடையைத் தாங்கிக்கிட்டு ஸ்க்ரூவைக் கழட்டுங்க. பெருத்துப்போன ஓட்டையில மூங்கில் குச்சியை ஃபெவிகால்ல தோய்ச்சு இறுக அடிச்சு, ஒரு ராத்திரி காயவிட்டு, நீட்டிக்கிட்டிருக்கறதை நறுக்கிட்டு மறுபடி முடுக்குங்க. செலவு இருபது ரூபாய்க்குள்ள. இதுக்குப் போய்க் கதவை அறுத்தா, கீலைச் சரி பண்ணின அன்னைக்குக் கீழே எலி நுழையற அளவுக்குச் சந்து விழும்.

இன்னொண்ணு, நம்ம மலையடிவாரத்துக்குன்னே உள்ளது. ஆனி, ஆடிச் சாரல்ல மரம் ஈரம் குடிச்சு உப்பும். அப்ப இழைச்சா மாசியில தளர்ந்துபோகும். நான் தொழில் தொடங்கின முதல் ஆடியில ஒரு வூட்டுல அப்படி இழைச்சுக் கொடுத்துட்டு, பங்குனியில அந்த அம்மா கூப்பிட்டுக் காட்டினாங்க. சந்துல என்ற சுண்டுவிரல் போச்சு. என் காசுல ரீப்பர் ஒட்டி இழைச்சுக் கொடுத்துட்டு வந்தேன். அந்த மாசம் குழுச் சந்தாவுக்குக் கடன் வாங்கினேனுங்க. கதவோட மேல் விளிம்பும் அடி விளிம்பும்தான் பெயின்ட் படாத இடம். அது கண்ணுக்குத் தெரியாதுன்னு எல்லோரும் விட்டுடறாங்க. ஈரம் அங்கதான் ஏறுது. வெயில் காலத்துல கதவைக் கழட்டி அந்த ரெண்டு இடத்துலயும் பிரைமர் அடிச்சு வெச்சா, மழைக்கு ஆசாரி தேவையில்லை. எனக்கு வேலை குறையும், பரவாயில்லை.

அலுமினிய ஜன்னல் வெச்சவங்க, மழைத்தண்ணி உள்ளே வருதுன்னு கம்பெனிக்காரனைத் திட்டறதுக்கு முன்னாடி, கீழ்த் தண்டவாளத்துல இருக்கற சின்ன ஓட்டைகளைக் குச்சியால குத்திப் பாருங்க. முக்கால்வாசி மண்ணு அடைச்சிருக்கும்.

யானையைப் பத்திச் சொல்லாமப் போக முடியாதுங்க. அரிசி வாசத்துக்கு அது சமையக்கட்டுக் கதவை முட்டறது நம்ம பக்கம் தெரியாதவங்க யாரு. அதுக்கு எந்தக் கீலும் தாங்காது. போன வருசம் மலையோரத் தோட்டத்து வூடு ஒண்ணுல இருந்து விடியக்காலம் போன் வந்துச்சு. பாட்டியும் பேத்தியும் மட்டும். கதவு ரெண்டாப் பிளந்து கிடக்குது, நிலவு ஒரு பக்கம் செவுத்தை விட்டு வந்திருச்சு. அந்தப் பாட்டி, "பொழுது சாயறதுக்குள்ள ஏதாச்சும் பண்ணு கண்ணு"ன்னாங்க. புதுக் கதவு ஒரே நாள்ல வராது. நிலவைத் தூக்குக்குண்டு போட்டு நிமிர்த்தி, ஆப்பு வெச்சு இறுக்கி, உடைஞ்ச பலகை ரெண்டையும் சேர்த்துக் குறுக்குச் சட்டம் மூணு அடிச்சு மாட்டினேன். தாழ்ப்பாள் விழுந்தப்ப மணி ஆறேகால். யானை வந்தா அதுவும் நிக்காதுதான். ஆனா அன்னைக்கு ராத்திரி அவங்க கதவைச் சாத்திட்டுப் படுத்தாங்க. ஆட்டுக்கல்லு வெச்சுப் படுத்தவளுக்குத்தான் அது என்னன்னு தெரியும்.

கூலியைப் பத்தியும் சொல்லிடறேன். தொடக்கத்துல வேலை முடிஞ்ச பொறவு, "பொம்பளைக் கூலி இவ்வளவுதானே"ன்னு பாதியைக் கையில வெச்சவங்க உண்டு. இப்ப ஸ்க்ரூவைத் தொடறதுக்கு முன்னாடியே ரேட்டைச் சொல்லிடறேன். போறவங்க போகட்டும்.

கூட்டமைப்புக்கு நான் கேட்கறது இதுதானுங்க. அடுத்த பயிற்சிக்குத் தீர்மானம் போட்டிருக்கறதாக் கேள்விப்பட்டேன். சர்டிபிகேட்டுக்கும் பேனருக்கும் ஒதுக்கற காசுல, உக்கடத்துல பழைய கதவு, ஜன்னல் வாங்கிப் போடுங்க. ஆறு பேருக்கு மேல வேண்டாம். ரெண்டு பேருக்கு ஒரு செட் சாமான், ஆளுக்கு ஒரு கதவு, ஒரு ஜன்னல். முதல் பத்து நாள் கெடுக்கறதுக்கு. அடுத்த பத்து நாள் உறுப்பினர் வூடுகளுக்குப் போய், வூட்டுக்காரம்மா பக்கத்துல நின்னு பார்க்கறப்ப வேலை செய்யணும். அந்தப் பயத்தைப் பட்டறையில சொல்லிக்கொடுக்க முடியாது. கண்ணாடி வேலைக்குக் கையுறையும், இழைக்கறப்ப மூக்குக்குத் துணியும் முதல் நாளே கொடுத்துடணும். என்ற இடது கட்டைவிரலைப் பார்த்தவங்களுக்குக் காரணம் தெரியும். சொல்லிக்கொடுக்க நான் வர்றேன், பஸ் காசு கொடுத்தாப் போதும்.

படிச்சு முடிக்கறவங்களை 1994-ல் இருந்து இருக்கற கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துல தச்சர்னு பதிஞ்சுக்கச் சொல்லுங்க, 18 வயசுல இருந்து 60 வரைக்கும் பதியலாம். 35 வயசு தாண்டினவங்க சாமான் வாங்க, கலைஞர் கைவினைத் திட்டத்துல கடனுக்கு 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம் உண்டு. மாவட்டத் தொழில் மையத்துல கேளுங்க. நான் என்ற டிரில்லிங் மெஷினைக் குழுக் கடன்லதான் வாங்கினேன், பதினாலு தவணை, ஒண்ணுகூட நிக்கலை. பொருளாளர் அக்கா தலையாட்டறாங்க.

நேரமாச்சுன்னு சீட்டு வந்திருச்சு. ஒண்ணே ஒண்ணு. காலையில இருந்து இந்த மண்டபத்துப் பக்கக் கதவை யாரு திறந்தாலும் கிரீச்சுன்னு தரையில இழுபடறதைக் கேட்டுக்கிட்டே இருக்கேன். மேல் கீல்தான். பை வண்டியில இருக்குது. சாப்பாடு முடிஞ்சதும் ரெண்டு பேரு வந்து கதவைத் தாங்கிப் பிடிச்சீங்கன்னா, மூங்கில் குச்சியை நான் சீவிக்கறேன்.